பேங்க் வாயே திறக்கவில்லையா? நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

கேள்வி: நான் பினாங்கு, பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீடு பார்த்து, பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் பேங்கிலேயே கடனுக்கு மனு செய்தேன். "எங்கள் பதிவுகளின்படி முடியாது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் யாரோ கைப்பேசியில் அழைக்கிறார்கள். என் பெயர், வேலை செய்யும் இடம், நான் கேட்ட கடன் தொகை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெர்சனல் லோன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார்கள். என்னைப் பற்றி என்ன பதிவு வைத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று பேங்க் கிளையில் கேட்டேன். தலைமையகத்துக்கு எழுதச் சொன்னார்கள். கடன், போன் தொல்லை, மேனேஜர் மரியாதையில்லாமல் பேசியது எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதிப் போட்டேன், கட்டணம் கட்டவோ வேறு எதையும் இணைக்கவோ இல்லை. "உங்கள் கடிதம் கிடைத்தது" என்று தானாக ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதம் ஓடிவிட்டது. வக்கீல் வைக்க எனக்கு வசதி இல்லை. நான் யாரிடம் போவது? இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் இனி எந்த பேங்கும் கடன் தராமல் போய்விடுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதே பயத்தால் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் நிறைய பேர். தகவல் கேட்டதற்காக உங்களுக்குக் கடன் மறுக்கப்படாது. பேங்குகள் ஒருவரின் கடன் வரலாற்றைப் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் நிலுவையில் உள்ள கடன்கள், கடந்த 12 மாதங்களில் தவணை கட்டிய விதம், புதிதாகப் போட்ட மனுக்கள் போன்றவைதான் இருக்கும். "இந்த அம்மா தன் தகவலைக் கேட்டார்" என்று எழுத அதில் இடமே இல்லை. அடுத்த பேங்குக்கு இது தெரியவராது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை.

அந்தச் சட்டம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. மலாயில் அக்தா பெர்லிண்டுங்கான் டத்தா பெரிபாடி. 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பேங்குகள் முழுமையாக இதற்குள் வருகின்றன. அதன் 30-ஆவது பிரிவின்படி, உங்களைப் பற்றிய தகவலை ஒரு நிறுவனம் வைத்திருக்கிறதா என்று கேட்கலாம், வைத்திருந்தால் புரியும் வடிவத்தில் அதன் பிரதியையும் கேட்கலாம். கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் பேங்க் அதை நிறைவேற்ற வேண்டும் என்கிறது 31-ஆவது பிரிவு. முடியாவிட்டால், அந்த 21 நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 35 நாள். மறுப்பதாக இருந்தாலும் அதே 21 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்லியாக வேண்டும். கொடு, நேரம் கேள், காரணம் சொல்லி மறு: சட்டம் பேங்குக்கு விட்டிருக்கும் வழிகள் இவைதான். சும்மா இருப்பது அவற்றில் ஒன்று அல்ல.

ஆனால் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை வைத்துக்கொண்டு நேராகப் புகாருக்குப் போகாதீர்கள். காரணம் இருக்கிறது. சட்டப்படி கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கான சிறு கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் கட்டணம் கட்டவில்லை, ஐசி (அடையாள அட்டை) நகலும் இணைக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. கடன் ஏன் கிடைக்கவில்லை, ஏன் எனக்குப் போன் வருகிறது, மேனேஜர் ஏன் மரியாதையாகப் பேசவில்லை என்று எல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருந்ததாகவும் சொல்கிறீர்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அதைத் திறந்து பார்க்கும் அதிகாரி பொதுவான வாடிக்கையாளர் புகார் என்று முத்திரை குத்தி வேறு மேசைக்குத் தள்ளிவிடுவார். பிறகு இந்தப் புகார்களை விசாரிக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையர் கேட்கும்போது, "எங்களுக்கு முறையான தரவுக் கோரிக்கை வரவே இல்லை" என்று பேங்க் சொல்ல வழி கிடைத்துவிடும். அந்த வழியை இப்போதே அடைத்துவிடுவோம். பழைய மின்னஞ்சலுக்காக வாதாடி நேரத்தைக் கழிப்பதைவிட, சுத்தமாக ஒரு புதுக் கோரிக்கை கொடுத்து 21 நாள் கணக்கை நம் கையில் எடுத்துக்கொள்வதே மேல்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மலாயில் எழுதுங்கள், தலைப்பில் "பெர்மொஹோனான் அக்செஸ் டத்தா பெரிபாடி" (தனிநபர் தரவைப் பார்க்கக் கோரும் மனு) என்றும் சட்டத்தின் பெயரையும் 30-ஆவது பிரிவையும் போடுங்கள். அந்தத் தலைப்பு ஒன்றே கடிதத்தைச் சரியான மேசைக்குக் கொண்டுபோய்விடும். பெரும்பாலான பேங்குகளின் இணையத்தளத்தில் இதற்கென்று ஒரு பாரம் (படிவம்) இருக்கும், தனியுரிமை அறிவிப்பு என்ற பக்கத்தில் தேடினால் கிடைக்கும். கிடைத்தால் அதையும் நிரப்பிக் கடிதத்தோடு இணையுங்கள். அதே பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். 2025 ஜூன் 1 முதல் பேங்குகள் அப்படி ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டும். உங்கள் கடிதம் போக வேண்டியது அவருக்கு. பொது மின்னஞ்சலுக்கு அல்ல, கிளை மேனேஜருக்கும் அல்ல.

என்ன கேட்பது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "என்னைப் பற்றி எல்லாம் கொடுங்கள்" என்று எழுதினால், தேடவே முடியவில்லை என்று காரணம் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். தகவலைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரம் கொடுக்கப்படாதது சட்டம் ஏற்கும் மறுப்புக் காரணங்களில் ஒன்று. அதனால் குறிப்பாகக் கேளுங்கள்: கணக்கு எண், வீட்டுக் கடன் மனுவின் எண்ணும் தேதியும், அந்த மனுவுக்காகப் பேங்க் சேகரித்த தகவல்கள், வெளியிலிருந்து வாங்கிய கடன் அறிக்கைகளில் உங்களைப் பற்றி இருப்பவை, உங்கள் கைப்பேசி எண்ணையும் சம்பள விவரத்தையும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பின்பலம் உண்டு. மூன்றாம் தரப்பினருக்குத் தகவல் கொடுத்தால் அதற்கு ஒரு பட்டியல் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. பட்டியலை அப்படியே உங்கள் கையில் கொடுக்க பேங்க் தயங்கலாம். ஆனால் அது இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று காட்டினாலே பதிலின் தொனி மாறும்.

கட்டணம் பெரிதல்ல. பிரதியோடு கேட்டால் அதிகபட்சம் 10 வெள்ளி (ரிங்கிட்), பிரதி இல்லாமல் 2 வெள்ளி. உடல்நிலை போன்ற நுண்ணிய தகவலாக இருந்தால் பிரதியோடு 30 வெள்ளி, பிரதி இல்லாமல் 5 வெள்ளி. வீட்டுக் கடனோடு எம்ஆர்டிஏ என்ற கடன் பாதுகாப்பு இன்சூரன்ஸ் பாரமும் நிரப்பியிருந்தால் அதில் உடல்நிலைக் கேள்விகள் இருந்திருக்கும், அந்தத் தகவலும் வேண்டுமென்றால் 30 வெள்ளிக் கணக்கு. இதற்கு மேல் "நிர்வாகச் செலவு" என்று யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

பிறகு ஒப்படைக்கும் விதம். எல்லாவற்றையும்விட இதில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். அந்த அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, அவருக்கு அனுப்பச் சொல்லிக் கிளையிலேயே நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு பேங்க் சாப் (முத்திரை) வாங்குங்கள். "நாங்கள் சாப் போட மாட்டோம், தலைமையகம்தான்" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். வாங்க மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதே கடிதத்தை கோலாலம்பூர் தலைமையகத்துக்கு, தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயரிட்டு, போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அன்றே அவருடைய மின்னஞ்சலுக்கும் ஸ்கேன் பிரதி அனுப்புங்கள். பார்சலைப் பெற்றுக்கொண்ட தேதி இணையத்தில் காட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள், 21 நாள் அன்றிலிருந்துதான் தொடங்குகிறது. இது வேலை நாள் கணக்கு அல்ல. சனி, ஞாயிறு, தைப்பூசம், ஹரி ராயா எல்லாம் சேர்ந்த கணக்கு. கடிதத்தின் முடிவிலும் இந்தக் கெடு தெரியட்டும்: "இந்தக் கோரிக்கைக்கு 31-ஆவது பிரிவின்படி 21 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்." அதற்கு மேல் மிரட்டல் வேண்டாம், பத்திரிகைக்குப் போவேன் என்றும் எழுத வேண்டாம்.

வேலை நேரத்தில் கிளைக்குப் போக முடியாது என்றால் கவலைப்படாதீர்கள். நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவர் உங்களுக்காகக் கேட்கலாம். அண்ணன், மகள், நம்பகமான தோழி யாராக இருந்தாலும் சரி. அதிகாரக் கடிதத்தில் இருவர் ஐசி எண்ணும் கையொப்பமும் இருக்க வேண்டும். கொடுக்கும் ஐசி நகலின் குறுக்கே, "தரவுக் கோரிக்கைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். தகவல் கசிவைப் பற்றிக் கேட்கப் போய் இன்னொரு நகலைக் காற்றில் விட வேண்டாம்.

இப்போது 21 நாள் முடிந்தும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் ஏழு நாள் கொடுங்கள். சட்டப்படி இது கட்டாயம் இல்லை. ஆனால் புகார் கோப்பில் உங்கள் பொறுமையும் பேங்கின் அலட்சியமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பல நேரம் இந்த நினைவூட்டலுக்கே பதில் வந்துவிடும். வரவில்லை என்றால் புத்ராஜெயாவில் இருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார். ஜாபாத்தான் பெர்லிண்டுங்கான் டத்தா பெரிபாடி என்ற இலாகா அது, டிஜிட்டல் அமைச்சின் கீழ் வருகிறது. சட்டத்தின் 104-ஆவது பிரிவு உங்களுக்கு இந்த உரிமையைத் தருகிறது. இலாகாவின் இணையத்தளத்திலேயே புகார் கொடுக்கலாம், நேரில் புத்ராஜெயா போக வேண்டியதில்லை, வக்கீலும் வேண்டாம். கோரிக்கைக் கடிதம், சாப் போட்ட பிரதி அல்லது போஸ் லாஜு பதிவு, கட்டணம் கட்டிய ரசீது, நினைவூட்டல், தானாக வந்த பதில், எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். முதல் பக்கத்தில் எந்த நாளில் என்ன நடந்தது என்று சுருக்கமாக எழுதுங்கள். விசாரணை அதிகாரி உங்கள் கதையைத் தேடிப் பிடிக்கும் நிலை வரக்கூடாது.

இந்தப் புகாருக்குப் பல் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தகவலை அணுக அனுமதிப்பது இந்தச் சட்டத்தின் ஏழு கோட்பாடுகளில் ஒன்று. கோட்பாட்டை மீறினால் முன்பு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 லட்சம் ரிங்கிட், 3 ஆண்டு என்று உயர்ந்திருக்கிறது. விசாரணைக்குப் பிறகு ஆணையர் அமலாக்க அறிவிப்பு கொடுத்து, இந்தத் தேதிக்குள் இதைச் செய் என்று பேங்குக்கு உத்தரவிடலாம். அதையும் மதிக்காவிட்டால் அது தனிக் குற்றம், 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். ஆணையரின் முடிவு உங்களுக்கு ஏற்புடையதாக இல்லையென்றால் மேல்முறையீட்டு நடுவர் மன்றமும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அபராதத்தில் ஒரு காசும் உங்களுக்கு வராது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் வழி இந்தச் சட்டத்துக்குள் இல்லை. இது பெரிய குறை என்பது என் கருத்து, 2024 திருத்தத்திலும் அது சரியாகவில்லை. இந்த வழியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது தகவலும், தவறாக இருந்தால் அதைத் திருத்தும் உரிமையும்தான். வீட்டுக் கடனுக்காக அலைகிற உங்களுக்கு இப்போது பணத்தைவிட இதுதான் முக்கியம் என்றும் நினைக்கிறேன்.

பேங்க் எல்லாவற்றையும் கொடுத்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்பதை ரகசிய வணிகத் தகவல் என்று மறுக்க முடியும். இன்னொருவரைப் பற்றிய விவரம் கலந்திருந்தால் அந்தப் பகுதியை மறைக்கலாம். இதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் மறுப்புகள். ஆனால் உங்கள் சம்பளம் என்று எந்தத் தொகையை எழுதினார்கள், எந்தக் கடன் நிலுவையில் இருப்பதாகப் பதிவு சொல்கிறது என்பது உங்கள் தகவல். அதில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

பேங்க் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே பிழையை நீங்களே தேடலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் தளத்தில் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். என்றோ கட்டி முடித்த மோட்டார் கடன் இன்னும் நிலுவையாகத் தெரிகிறதா, யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டது நினைவில் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேங்க் நெகாரா யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கட்டிய விவரத்தைத்தான் காட்டுகிறது, முடிவெடுப்பது ஒவ்வொரு பேங்கும். சிடிஒஎஸ் போன்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனங்களின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அங்கே பிழை இருந்தால் தரவு ஆணையரிடம் போகாதீர்கள், அவர்களின் கடன் அறிக்கைத் தொழிலுக்கு வேறு சட்டம், கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் 2010. முதலில் அந்த நிறுவனத்திடமே திருத்தம் கேட்க வேண்டும். பேங்கின் சொந்தப் பதிவில் பிழை என்று தெரிந்தால், அதே 2010 தரவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் திருத்தக் கோரிக்கை கொடுங்கள். அதற்கும் 21 நாள்தான்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்புகள். இதற்குக் காத்திருக்கவே வேண்டாம். நேரடி விற்பனைக்காக உங்கள் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லும் உரிமை 43-ஆவது பிரிவில் இருக்கிறது. தனிக் கடிதமாக எழுதுங்கள், தகவல் கோரிக்கையோடு கலக்காதீர்கள். "நியாயமான காலம் முடியும்போது என் தகவலை விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், உங்கள் குழும நிறுவனங்களும் முகவர்களும் இதில் அடக்கம்" என்று நாலு வரி போதும். அழைப்பவர் பேங்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு டிஏசி எண்ணோ (பணப் பரிவர்த்தனையை உறுதிசெய்யும் எண்) கடவுச்சொல்லோ கேட்டால் உடனே வையுங்கள். பணம் போய்விட்டால் 997-க்கு அழையுங்கள், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. உங்கள் கடன் தொகை வரைக்கும் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள் என்பதால் இந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கடன் தொகை விஷயம்தான் என்னை உறுத்துகிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கிருந்தும் கசியலாம். எவ்வளவு கடன் கேட்டீர்கள் என்பது பேங்குக்கும், நீங்கள் வீடு பார்த்த வீட்டு முகவருக்கும், மேம்பாட்டாளருக்கும்தான் தெரியும். யாரிடமெல்லாம் இந்தத் தொகையைச் சொன்னீர்கள் என்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். முகவர் பேசிக்கொண்டே பல பேங்குகளுக்கு உங்கள் பே சிலிப்பை அனுப்பியிருக்கலாம். அப்படி இல்லாமல் பேங்கிலிருந்துதான் போயிருக்கிறது என்றால் அது சின்ன விஷயம் அல்ல. நிதிச் சேவைகள் சட்டம் 2013-இன் 133-ஆவது பிரிவு வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்வதைத் தடை செய்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரிங்கிட் வரை அபராதம். விலக்குகள் உண்டு, நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்திருப்பது அவற்றில் ஒன்று. கடன் மனுவில் எந்தப் பெட்டிகளில் டிக் செய்தீர்கள் என்று பாருங்கள். அந்த மனுவின் பிரதியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இந்த ரகசிய மீறல் பகுதிக்கு பேங்க் நெகாராதான் சரியான இடம். முதலில் பேங்கின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பேங்க் நெகாராவின் தொலைபேசிச் சேவையான பிஎன்எம்டெலிலிங்க் 1-300-88-5465 எண்ணில் அல்லது இணையப் பாரத்தில் சொல்லுங்கள். அழைத்தவர்களின் எண், தேதி, நேரம், அவர்கள் சொன்ன விவரம் என்று ஒரு நோட்டில் இன்றிலிருந்தே எழுதி வையுங்கள். உங்களிடம் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.

நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவை பற்றிச் சிலர் உங்களிடம் சொல்லலாம். 2025 தொடக்கத்திலிருந்து நிதிச் சேவை, பங்குச் சந்தை இரண்டுக்கும் சேர்த்து இயங்குகிற குறைதீர்ப்பு அமைப்பு அது. நல்ல அமைப்புதான். ஆனால் அது பண இழப்பு வழக்குகளுக்கானது. பேங்க் கடன் கொடுக்க மறுத்த முடிவை அவர்கள் விசாரிப்பதில்லை. தகவல் கசிந்து அதனால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போனால் மட்டும் அங்கே போங்கள்.

இந்த வாரத்துக்கு இரண்டு கடிதம் போதும். 43-ஆவது பிரிவுக் கடிதம் நாளைக்கே போகட்டும், தகவல் கோரிக்கை மனுவின் எண்ணெல்லாம் தேடி எடுத்த பிறகு போகட்டும். 35 நாளுக்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால், உங்கள் பிடிஎஃப் கோப்பை எனக்கு அனுப்புங்கள். ஆணையருக்குப் போகும் புகாரின் முதல் பக்கத்தை நானே மலாயில் எழுதித் தருகிறேன்.